நடுச்சாமத்துக் காம்பரா

தேயிலைத் தோட்டம் என்றால் அங்கே ஒரு பிள்ளைக் காம்பரா இருக்கும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற தாய் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டு மலையேறுவாள். தொட்டில் கட்ட இடம், பால் கரைக்க வெந்நீர், பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆயா. துரைமார் காலத்திலிருந்தே வருகிற ஏற்பாடு இது. இரக்கத்தோடு கணக்கும் சேர்ந்து கட்டிய அறை. குழந்தை இடுப்பில் இருந்தால் கொழுந்து பறிக்க முடியாது, பறிக்காத கை தோட்டத்துக்கு நட்டம். ஓர் உயிரைப் பார்த்துக்கொள்வது முழுநேர வேலை, அதற்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டும் என்பதை அன்றைய துரைகள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

அந்தக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைக்கு இப்போது எழுபது வயது. அவர் கட்டிலில் விழுந்தால் பார்த்துக்கொள்ள எந்த டிவிஷனிலும் ஒரு காம்பரா கிடையாது, சம்பளத்துக்கு ஆயாவும் கிடையாது. வேலை நேராக அவருடைய வீட்டுக்காரியிடம் போகிறது. அவளுக்கும் அறுபத்தைந்து, அறுபத்தெட்டு ஆகியிருக்கும்.

இலங்கையில் 1940களின் நடுவில் பிறந்த குழந்தை சராசரியாக நாற்பத்துச் சொச்சம் வருஷம்தான் வாழும் என்று கணக்கிட்டார்கள். மலேரியா ஒழிப்பு, இலவச மருத்துவம், வீடு வீடாகப் போன மருத்துவிச்சிகள் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை எழுபதுக்கு மேலே தள்ளிவிட்டன. 2012 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல், சரியாகச் சொன்னால் 12.4 வீதத்தினர், அறுபதைத் தாண்டியிருந்தார்கள். மற்ற இடங்களை விட மெதுவாகத்தான் என்றாலும் தோட்டங்களும் இந்த மாற்றத்துக்குள் வந்துவிட்டன. சட்டென்று வரும் சாவு குறைந்து, படிப்படியாக வரும் சாவு கூடியிருக்கிறது. பிரஷர், சீனி வருத்தம், பாரிசவாதம், விறகுப் புகை அரித்த நுரையீரல், வெற்றிலை தின்ற வாயில் வரும் புற்றுநோய், முதுமை மறதி எல்லாமே வருஷக்கணக்கில் இழுப்பவை. அந்த வருஷங்களைச் சுமப்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே எந்தத் தோட்டத்திலும் இருக்கக்கூடிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இது ஒரு குடும்பத்தின் கதை இல்லை. பல வீடுகளில் உள்ளதைச் சேர்த்து வரைந்த படம்.

பழைய லயம், வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் இஸ்தோப்பு, உள்ளே பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, பின்னால் அடுப்படி. அவர் கவ்வாத்து வெட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் வாதம் அடித்து வலப்பக்கம் வராமல் போய்விட்டது. அவள் நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவள். சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் மொத்தமாக வந்து, கூரைத் தகரத்துக்கும் மகள் கல்யாணத்துக்கும் மொத்தமாகவே போய்விட்டன. தனியார்துறைத் தொழிலாளிக்கு இவை இரண்டும் ஒரே தடவையில் கிடைப்பவை. மாதாமாதம் வரும் ஓய்வூதியம் கிடையாது. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை.

இரவு பத்து மணிக்கு அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பன்னிரண்டுக்கு மறுபக்கம். இரண்டுக்கு மீண்டும். நாலுக்கு மீண்டும். அசையாத உடம்பின் எடை எலும்பு முட்டும் இடங்களில், அதாவது இடுப்பு, பிட்ட எலும்பு, குதிகால் ஆகியவற்றில், தோலை அழுத்துகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, அங்குள்ள சதைக்கு ஒட்சிசன் போகாமல் நின்றுவிடுகிறது. சில மணி நேரம் இப்படியே இருந்தால் தோல் சிவக்கும். பிறகு புண்ணாகும், குழி விழும். படுக்கைப் புண் வராமல் காக்க உலகம் முழுக்கத் தாதியர் பின்பற்றிவரும் வழக்கம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புவது. வைத்தியசாலையில் அதற்கு மூன்று ஷிப்ட் ஆட்கள் உண்டு. இங்கே ஒருத்திதான்.

அவளுடைய எடை நாற்பத்திரண்டு கிலோ, அவருடையது அறுபதுக்கு அருகில். கையைப் பிடித்து இழுத்தால் வாதம் அடித்த தோள் மூட்டு விலகிவிடும். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். பழைய நூல் சேலை ஒன்றை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அவருக்கு அடியில் எப்போதும் விரித்தே வைத்திருக்கிறாள். திருப்ப வேண்டுமென்றால் அவருடைய இடக்காலை மடக்கி ஊன்றச் செய்து, சேலையின் தூர விளிம்பைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக் கொடுத்துத் தன் பக்கம் சாய்க்கிறாள். உடம்பு உருளும், தோல் உராயாது. பயிற்சி பெற்ற தாதியர் துணி விரித்துச் செய்கிற அதே முறைதான். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"ஏங்க, கொஞ்சம் ஒருக்களிங்க."

"விடு புள்ள. நீ போய்ப் படு."

படுத்தாலும் தூக்கம் இல்லை. கக்கூஸ் லயத்துக்கு வெளியே, எட்டுப் படி இறங்கிப் போக வேண்டும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். தை, மாசி இரவுகளில் கம்பளிக்குள்ளும் குளிர் ஏறும். ஈரமான துணியை அந்த நேரத்திலேயே அலசிப் போட வேண்டும். காலையில் முதுகு பிடித்துக்கொண்டிருக்கும். கேட்டால், "ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பாள். இரண்டு பனடோல் போட்டுக்கொள்வாள். சுவரில் ஆணியில் ஒரு பொலித்தீன் பை தொங்குகிறது. அதில் இரண்டு கிளினிக் கொப்பிகள். அவருடையதில் மாதா மாதம் திகதி முத்திரை விழுந்திருக்கிறது. அவளுடையது பிரஷர் கிளினிக் கொப்பி. அதில் கடைசி முத்திரை விழுந்து ஏழு மாதம் ஆகிறது.

ஒன்பது நாள் பிந்திய காயம்

அந்த ஏழு மாதத்தில் அவள் உடம்புக்குள் என்ன நடக்கும் என்பதை அறியக் கொஞ்ச தூரம் போக வேண்டும், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்கு.

அங்கே ஜனிஸ் கீகோல்ட் கிளேசர் என்ற உளவியலாளர் 1995-இல் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துவந்த 13 பெண்கள் ஒருபுறம். அதே வயதில், அத்தகைய பொறுப்பு இல்லாத 13 பெண்கள் மறுபுறம். எல்லோருடைய முன்கையிலும் 3.5 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரே மாதிரியான சின்னக் காயம். பிறகு அது எப்போது ஆறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பில்லாத பெண்களுக்கு ஏறக்குறைய 39 நாளில் ஆறியது. பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு 48 நாள் தாண்டியது. மன அழுத்தம் என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தோலில் அளந்து காட்டிய சோதனை இது.

அழுத்தம் நீடிக்கும்போது சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனை ஓயாமல் விட்டுக்கொண்டிருக்கும். புலி துரத்தும்போது பத்து நிமிஷத்துக்கு உதவ வேண்டிய சரக்கு அது. மாதக்கணக்கில் ஓடினால் நோய் எதிர்ப்புப் படை குழம்பிவிடும். காயத்துக்கு வர வேண்டிய செல்கள் பிந்தி வரும். மறுபக்கம், வேண்டாத இடத்தில் அழற்சி எரிந்துகொண்டே இருக்கும். அதே ஆய்வுக் குழு 2003-இல் வெளியிட்ட இன்னொரு முடிவு இன்னும் கடுமையானது. மறதி நோய் கண்ட கணவனை அல்லது மனைவியைப் பார்த்துக்கொண்ட 119 பேரின் இரத்தத்தை ஆறு வருஷம் தொடர்ந்து சோதித்தார்கள். இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருள், மற்ற முதியவர்களை விட ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் அவர்களிடம் ஏறியது. மாரடைப்பு, நீரிழிவு, எலும்புத் தேய்வு எல்லாவற்றோடும் தொடர்புடைய பொருள் அது. பார்த்துக்கொள்ளப்பட்டவர் இறந்து சில வருஷம் ஆன பிறகும் அந்த வேகம் தணியவில்லை.

இது உயிரைக் குடிக்குமா? ரிச்சர்ட் ஷூல்ஸ், ஸ்கொட் பீச் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் பதில் சொன்னார்கள். 66 முதல் 96 வயது வரையான தம்பதிகளை நாலு வருஷம் கவனித்தார்கள். துணையைப் பார்த்துக்கொண்டு, அதனால் நெருக்கடியும் அனுபவித்தவர்கள் இறந்துபோகும் வாய்ப்பு, அப்படிப் பொறுப்பில்லாதவர்களை விட 63 வீதம் கூடுதலாக இருந்தது.

அந்த வாக்கியத்தில் நெருக்கடியும் என்ற சொல்தான் முக்கியம். துணையைப் பார்த்துக்கொண்டும் நெருக்கடி இல்லை என்று சொன்னவர்களிடம் இந்த ஆபத்து கூடவில்லை. 2013-இல் வந்த இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வு, குடும்பத்தவரைப் பார்த்துக்கொள்ளும் 3,503 பேரை அதே எண்ணிக்கையான மற்றவர்களோடு ஒப்பிட்டது. பார்த்துக்கொள்பவர்களிடம் மரண விகிதம் 18 வீதம் குறைவாகவே இருந்தது. முதலில் முரண்பாடு போலத் தோன்றும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விஷயம் தெளிவாகும். ஒருவரைப் பார்த்துக்கொள்வது ஆளைக் கொல்வதில்லை. சிலரை அது பலப்படுத்தக்கூடச் செய்கிறது. கொல்வது தூக்கமில்லாத இரவு, மாற்று ஆள் இல்லாமை, தன் மருந்தைத் தானே தவற விடுவது, முதுகு முறிக்கும் படிக்கட்டு. இவை எதுவும் பாசத்தின் அளவைப் பொறுத்தவை அல்ல. எல்லாம் ஏற்பாட்டைப் பொறுத்தவை.

நோயின் வகைக்கும் இதில் பங்கு உண்டு. நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், போல் அலிசன் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் 518,240 தம்பதிகளின் வைத்தியசாலைப் பதிவுகளை அலசினார்கள். கணவனுக்கோ மனைவிக்கோ பெருங்குடல் புற்றுநோய் வந்தால், உடனிருப்பவரின் மரண ஆபத்து அவ்வளவாகக் கூடவில்லை. மறதி நோய், மனநோய், பாரிசவாதம் போல ஆளை முடக்கிப் போடும் நோய் வந்தால் கூடியது. துணை வைத்தியசாலைக்குப் போன முதல் முப்பது நாள்தான் உடனிருப்பவருக்கும் ஆக ஆபத்தான காலம். கொல்லும் நோயை விட முடக்கும் நோய்தான் பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்து இழுக்கிறது.

இந்த நெருக்கடியை அளக்க ஒரு கேள்வித்தாள் உண்டு. ஸ்டீவன் சரிட் 1980-இல் உருவாக்கியது. இப்போது பரவலாகப் பயன்படும் வடிவத்தில் 22 கேள்விகள். உங்களுக்கென்று நேரம் இல்லையா, எரிச்சல் வருகிறதா, சுமையாக உணர்கிறீர்களா என்ற வகையில் அவை போகும். ஒரு லயத்து வாசலில் நின்று இதை அப்படியே கேட்டால் பதில் உடனே வந்துவிடும்: "இதென்ன கேள்வி? எம் புருஷன நான் பாக்காம வேற யாரு பாப்பா?" கேள்வித்தாளில் சைபர் விழும். தமிழில் இந்த வேலைக்குப் பெயரே பார்த்துக்கொள்வது. கண்ணால் செய்கிற காரியம் போல அவ்வளவு லேசான சொல். சுமை என்ற சொல்லை அதன் பக்கத்தில் வைக்க யாருக்கும் நா எழாது. ஆனால் நேற்று இராத்திரி எத்தனை தடவை எழும்பினீர்கள், கடைசியாக உங்கள் கிளினிக்குக்கு எப்போது போனீர்கள் என்று கேட்டால், உண்மை தானாக வெளியே வரும்.

சொல்லாமல் விடப்படும் இன்னொன்றும் உண்டு. எல்லாத் தாம்பத்தியமும் இனித்தது கிடையாது. சம்பள நாளில் சாராயக் கடைக்குப் போய்வந்து கை ஓங்கியவரையும் அவள்தான் இப்போது திருப்பிப் படுக்க வைக்கிறாள். அந்த வலக்கை இன்று அசைவதில்லை. பழைய உறவு எப்படி இருந்தது என்பதைப் பொறுத்துப் பார்த்துக்கொள்பவரின் அழுத்தம் மாறுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மனைவி விழுந்து கணவன் பார்க்கும் வீடுகளில் வேறு சிக்கல். அடுப்பு மூட்டத் தெரியாத ஆள் எழுபது வயதில் கஞ்சி காய்ச்சப் பழக வேண்டும். மனைவியின் உடம்பைக் கழுவ அவருக்குக் கூச்சம், அதை ஏற்க அவளுக்குக் கூச்சம். பக்கத்து வீட்டுப் பெண் வந்தால்தான் ஆகிறது.

ஒப்பாரிக் கோச்சி போன பிறகு

ஏன் ஒருத்தியே எல்லாவற்றையும் சுமக்கிறாள்? கூட்டுக் குடும்பம் உடைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். மலையகத்தில் அந்த உடைவுக்குத் திகதியே உண்டு.

1948-இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிக்குப் பாதி பங்கு போட்டார்கள். அண்ணன் இந்தியாவுக்கு எழுதினான், தம்பி இங்கேயே எழுதினான். பெற்றோர் ஒரு பட்டியலில், கட்டிக் கொடுத்த மகள் வேறு பட்டியலில். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது அதனால்தான். போனவர்களில் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள்.

அன்று பத்துப் பதினைந்து வயதாக இருந்தவர்கள்தான் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். முறை வைத்து உட்கார வேண்டிய கொழுந்தன், நாத்தனார், அக்காள் தங்கை ஆகியோரில் ஒரு பகுதி கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறது. மீந்தவர்களின் பிள்ளைகளைக் கொழும்புக் கடைகளும், ஆடைத் தொழிற்சாலைகளும், வளைகுடா நாடுகளும் எடுத்துக்கொண்டன. வளைகுடாவில் மகள் செய்யும் வேலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அவள் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்வது வேறு யாரோ ஒரு கிழவியைத்தான். மாதக் கடைசியில் அந்தப் பணம் ஹட்டனுக்கு வந்து அப்பாவுக்கு டயப்பராக மாறுகிறது.

வசதிகள் இல்லாமல் இல்லை. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென்று 1912-இலேயே சட்டம் போட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரிகளைச் சுகாதார அமைச்சு படிப்படியாகப் பொறுப்பேற்று வருகிறது. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையில் இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் எழுப்பிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. 1990-ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஒரு காலத்தில் கொழுந்து லொறியில் நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டுபோன மலைகளில் இது பெரிய மாற்றம். ஆனாலும் இவை எல்லாம் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழிகள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் என்ன செய்வது என்ற கேள்வி லயத்துப் படியிலேயே நிற்கிறது. 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரலாம். அந்தப் பிள்ளையே நாட்சம்பளத்துக்குக் கடையில் நிற்கும்போது சட்டம் எவ்வளவு தூரம் நடக்கும்?

பால் ஊற்றும் நேரம்

கடைசி வாரங்கள் வரும்போது வீட்டுக்குள் ஒரு சண்டை தொடங்கும். சோறு பற்றிய சண்டை.

அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அவள் கஞ்சியைக் கரைத்துக் கரண்டியால் ஊட்டப் பார்க்கிறாள். பார்க்க வந்தவர்கள், "சாப்பாடு இல்லாமத்தான் இப்படிக் கெடக்குறாரு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சொல் அவள்மேல் பழியாக விழுகிறது. உண்மையில் உடம்பு அணையத் தொடங்கிய பிறகுதான் பசி அணைகிறது. குடல் மெதுவாகிறது, சிறுநீரகத்தின் வேலை குறைகிறது, உள்ளே போகும் உணவை எரித்துச் சத்தாக்கும் வேலை நடப்பதில்லை. சாப்பிடாததால் சாவு வருகிறது என்று நமக்குத் தோன்றும். சாவு நெருங்குவதால் சாப்பாடு நிற்கிறது என்பதே பெரும்பாலும் நடப்பது. விழுங்கும் தசை தளர்ந்த நிலையில் கட்டாயமாக ஊட்டினால் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கும். நிமோனியா வரும்.

பால் ஊற்றும் வழக்கத்தையும் இந்த இடத்தில் யோசிக்கலாம். உறவு முழுக்க வரிசையில் நின்று ஆளுக்கொரு கரண்டி ஊற்றும்போது மயக்கத்தில் இருப்பவருக்குப் புரையேறும். அந்தத் திணறலைத்தான் உயிர் இழுக்கிறது என்று சொல்லி அழுகிறோம். சுத்தமான துணி நுனியைப் பாலில் தொட்டு உதட்டை நனைத்தாலும் முறை நிறைவேறிவிடும். வாய் காய்ந்திருப்பவருக்கு அந்த ஈரம் உண்மையான ஆறுதலும்கூட.

மூச்சும் மாறும். வேக வேகமாக ஏறி, மெல்ல இறங்கி, சில விநாடி நின்றே போய், மறுபடி தொடங்கும். மூளைத் தண்டு, இரத்தத்தில் ஏறும் கரியமிலவாயுவைப் பிந்திக் கணக்கெடுப்பதால் வரும் அலை இது. மருத்துவத்தில் இதற்கு செயின்-ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயர். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். விழுங்க முடியாத எச்சில் அங்கே தேங்கியிருக்கிறது. பக்கத்தில் இருப்பவரால் காது கொடுத்துக் கேட்க முடியாத சத்தம். ஆனால் ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பவர் அதை அனுபவிப்பதாகத் தெரியவில்லை. தலையை ஒருக்களித்து வைத்தால் சத்தம் குறையும். இவ்வளவையும் யாராவது முன்னதாகச் சொல்லியிருந்தால் நடுச்சாமத்தில் பயந்து அலறி, மழையில் ஆட்டோ தேடி, வாட்டுக் கட்டிலில் தனியாகச் சாக விட்டுவிடும் முடிவுகள் சில குறையும்.

பேச்சும் வீண் போவதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறக்கும் தறுவாயில் எந்தப் பதிலும் காட்டாமல் கிடந்தவர்களின் மூளை மின்னலைகளை அளந்து 2020-இல் வெளியிட்டார்கள். சிலருடைய மூளை, ஒலிகளின் மாற்றத்தை நலமான இளைஞருடைய மூளை போலவே கவனித்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு மேலே நின்று சவப்பெட்டிக் கணக்குப் பேசுபவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

வலி தனி விஷயம். வாய்ப் புற்றுநோய் முற்றிய ஒருவருக்குப் பனடோல் ஒரு பொருட்டே இல்லை. புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்தை உயர்த்தி மோர்ஃபின் வரை போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே வழிகாட்டிவிட்டது. லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் நோய்த்தணிப்பு இல்லத்தை 1967-இல் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், உடம்பு வலியோடு மனம், குடும்பம், பணம் பற்றிய வலிகளையும் சேர்த்து மொத்த வலி என்றார். ஆண்டுதோறும் உலகில் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இந்த வகை நோய்த்தணிப்புப் பராமரிப்பு தேவைப்படுகிறது, நூற்றுக்குப் பதினான்கு பேருக்குத்தான் கிடைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஹட்டனிலிருந்து மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். போய்வரும் பஸ் பயணமே அந்த உடம்புக்குத் தண்டனை.

கருமாதிக்குப் பிறகு

சாவு விழுந்ததும் லயம் முழுக்க எழுந்து நிற்கும். தப்புச் சத்தம் மலைக்கு மலை போகும். பந்தல் போட ஆள், குழி வெட்ட ஆள், தேத்தண்ணி ஊற்ற ஆள். மரணாதாரச் சங்கத்திலிருந்து பணம் வரும். கொழும்பு மகன் இரவு பஸ்ஸில் வந்து இறங்குவான்.

அவள் மூலையில் உட்கார்ந்திருப்பாள். அழுகையோடு இன்னொரு உணர்ச்சியும் உள்ளே இருக்கும். அதை வெளியே சொன்னால் ஊர் காறித் துப்பும் என்று அவள் பயப்படுகிறாள். விட்டது என்ற உணர்ச்சி. ஷூல்ஸின் குழு 2003-இல் மறதி நோயாளிகளைப் பார்த்துவந்த 217 குடும்பத்தவரைப் பின்தொடர்ந்தபோது, அந்தச் சாவு தமக்கு விடுதலையாக இருந்ததாக 72 வீதத்தினர் ஒத்துக்கொண்டார்கள். சாவுக்கு முன் உச்சத்தில் இருந்த மனச்சோர்வு அடையாளங்கள் மூன்று மாதத்துக்குள் கணிசமாகக் குறைந்தன. நீண்ட காலம் பார்த்துக்கொண்டவர் சாவுக்கு முன்பே பாதித் துக்கத்தை அனுபவித்து முடித்திருக்கிறார். அந்த நிம்மதி பாசக் குறைவுக்குச் சாட்சி ஆகாது.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. பிரிட்டனில் கொலின் மறி பார்க்ஸ் என்ற ஆய்வாளர் 1969-இல், மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைக் கணக்கெடுத்தார். முதல் ஆறு மாதத்தில் அவர்களில் 213 பேர் இறந்தார்கள். எதிர்பார்த்ததை விட 40 வீதம் கூடுதல். 1990-இல் ஜப்பானிய வைத்தியர்கள் வேறொன்றை விவரித்தார்கள். பேரதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் இடக் கீழறை, அடி பருத்துக் கழுத்துக் குறுகிய ஜாடி போல உப்பிவிடுகிறது. ஒக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் அதை டக்கொட்சுபோ என்றார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது மிக அதிகம். நெஞ்சு வெடித்துப் போனாள் என்று கிழவிகள் சொல்வதற்கு ஒரு எக்ஸ்ரே படம் இருக்கிறது.

சங்கத்துக் கொப்பி

இந்தச் சுமையைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. இந்தியாவின் கோவாவில் 2008-இல் ஒரு பரிசோதனை முடிவு வெளிவந்தது. மறதி நோயாளி உள்ள 81 குடும்பங்கள். வைத்தியர்களை அனுப்பவில்லை. பயிற்சி கொடுத்த உள்ளூர்வாசிகள் வீட்டுக்குப் போய் நோயை விளக்கினார்கள், குளிப்பாட்ட, ஊட்டக் கற்றுக் கொடுத்தார்கள், பார்த்துக்கொள்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். பார்த்துக்கொள்பவர்களின் மனநிலை தெளிவாக முன்னேறியது.

கேரளம் இதை மாநில அளவில் செய்து காட்டியது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபாலும் கே. சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பிலிருந்து, அக்கம்பக்கத்தார் வலைப்பின்னல் ஒன்று கிளைத்தது. சில்லறைக் காசுச் சந்தா, வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுக்கும் தொண்டர், கூடவே பயிற்சி பெற்ற தாதி. 2008-இல் அது அரசுக் கொள்கையாகவே ஆனது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர் மாத்திரையோடு இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வாசலுக்கே வருகின்றன. இலங்கையும் 2019 முதல் 2023 வரைக்கான தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்புத் திட்டச் சட்டகம் ஒன்றை வகுத்தது. வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சிகளைக் கொண்டு பிரசவ மரணங்களைக் குறைத்து உலகுக்கே பாடம் சொன்ன நாடு இது. அதே படிகளில் கிழவருக்காகவும் ஒரு தாதி ஏறுவது புதிய யோசனை ஆகாது.

தோட்டத்தில் அதற்கு ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. மரணாதாரச் சங்கத்துக்கு மாதச் சந்தா உண்டு, தலைவர் உண்டு, பொருளாளர் உண்டு, யார் எந்த லயத்தில் எந்தக் காம்பரா என்ற பட்டியலும் உண்டு. கொப்பியில் பந்தலுக்கு ஒரு வரி, பெட்டிக்கு ஒரு வரி, தப்புக்காரருக்கு ஒரு வரி. சாவுக்கு முந்திய இரண்டு வருஷத்துக்கு வரி போடப்படவில்லை. சேலை மடித்துத் திருப்பும் வித்தை தெரிந்த விதவைகள் ஒவ்வொரு டிவிஷனிலும் நாலு பேராவது இருப்பார்கள். டிஸ்பென்சரியில் ஒரு நாள் பயிற்சியும் கையில் ஒரு சிறு தொகையும் கொடுத்தால், வாரத்தில் ஒரு காலைப் பொழுது அந்தக் காம்பராவில் வந்து உட்கார அவர்களால் முடியும்.

அந்த ஒரு காலைப் பொழுதில் அவள் செய்வது பெரிதாக ஒன்றும் இருக்காது. தலைக்கு எண்ணெய் வைத்து வாருவாள். ஆணியிலிருந்து பொலித்தீன் பையை எடுத்து, இரண்டு கொப்பிகளில் தன்னுடையதை மட்டும் உருவுவாள். "பத்து மணிக்கு எடப்பக்கம் திருப்பணும், மறந்துறாத அக்கா" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு, கிளினிக் மூடுவதற்குள் எட்டரை பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்குவாள்.